மரியாதைக் கப்பலும் மும்மொழிக் கல்லும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ‘நேவி’ என்றால் அது இலங்கைக் கடற்படைதான். உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் ‘பருந்து’ விமானதளம் இருந்தும் சொல்லின் பொருள் மாறவில்லை. ஒரு சொல்லின் பொருளை அகராதி தீர்மானிப்பதில்லை. அடி விழுகிற இடம் தீர்மானிக்கிறது. போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாகக் கொழும்பு போனது, வாத்தியம் முழங்க வரவேற்றார்கள் என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

இந்தச் சடங்குக்கு நம்ம கடலில் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1911இல் காலி நகரில், வடிகால் மூடியாகக் கவிழ்ந்து கிடந்த கல்லொன்றைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனத் தளபதி செங் ஹெயின் கடற்படை கொண்டுவந்த கல் அது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பொன் 1000, வெள்ளி 5000 எனப் பட்டியல் நீள்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் இதைக் கேள்விப்பட்டபோது பெருமை தாங்கவில்லை. சீனப் பேரரசே தமிழில் எழுதியிருக்கிறதே! தமிழ் ஏன் அங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடலின் வணிகம் தமிழில் நடந்தது, அவ்வளவுதான். ராமநாதபுரம் கரையில் பெரியபட்டினத்து மண்ணிலிருந்து சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. சரக்கு வந்துபோன தடத்தில்தான் காணிக்கையும் வந்தது.

கல் சொல்லாத மிச்சக் கதை இது: 1411 வாக்கில் அதே கடற்படை இலங்கையில் சண்டையிட்டு, அங்கிருந்த ஆட்சியாளரைச் சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனது. பிறகு பேரரசர் விடுவித்தார். மன்னிப்பதும் அதிகாரத்தின் சடங்குதானே. ஏறக்குறைய 27,000 பேருடன் வருகிற கடற்படை நீட்டும் பரிசை யார் வேண்டாம் என்பது? காணிக்கையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்தவை.

2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் நின்றது. 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தது. டில்லி பதறியது. டில்லியின் கப்பல்களும் அதே துறைமுகங்களுக்கு மரியாதைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இந்த மரியாதைகளுக்கு நடுவே, 1974இல் கச்சத்தீவைக் கைமாற்றிய ஒப்பந்தத்தில் கோடு போட்டவர்கள் அங்கே வலை உலர்த்தியவர்களைக் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நம்மைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நிறுத்திக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்து மீனவருக்கு ராமேஸ்வரத்து விசைப்படகும் ஒரு ‘நேவி’தான், இழுவைமடி அவர்களுடைய கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இருபக்கமும் பேசுவது தமிழ். 1409இல் இந்தக் கடலின் தமிழில் ஒரு பேரரசு தன் காணிக்கையை எழுதியது. அதே தமிழில் இரு கரையும் உட்கார்ந்து, எந்த நாள் யார் வலை விரிப்பது என்று ஓர் உடன்பாடு எழுதினால், அதற்கு வாத்தியமும் மரியாதை அணிவகுப்பும் தேவையிருக்காது.