தோட்டக் கூலியும் துண்டுமுறையும்

தொழிலாளர் கிடைப்பது அரிதாகுமிடத்துக் கூலி உயரும் என்பது பொருளியலின் பாலபாடம். கேள்வியும் நிரம்பலும் கூடுமிடத்தே கூலி நிர்ணயமாகின்றது என்பர். இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு இவ்விதிக்கு இலகுவில் அடங்குவதாயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலை பரவியபோது, ஆட்களைப் பெறுவதில் துரைமார் தமக்குள் போட்டியிட்டனர். ஆயின், அப்போட்டியின் பயன் நாட்கூலியிற் சேரவில்லை. கங்காணியின் கையிற் சேர்ந்தது.

இதற்கு வழிசெய்தது துண்டுமுறையாகும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவு முதலியவற்றை அவர்தம் பெயரிற் கடனாக எழுதினான். ஒரு கூட்டத்தினர் வேறு தோட்டம் செல்ல விரும்பின், அக்கடனைச் செலுத்துவோர்க்கு அவர்களை விடுவிப்பதாகத் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி, மேலும் முற்பணம் ஈந்தே அவர்களைப் பெற்றது. ஆள் அரிதாகுந்தோறும் துண்டிற் கண்ட தொகை ஏறிற்று. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. போதாக்குறைக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொருவர்க்கும் கங்காணி தலைக்காசும் பெற்றான். உழைப்புக்குச் சந்தை இருந்தது உண்மையே. அச்சந்தையில் விற்றவன் உழைத்தவனல்லன்.

1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன்தளை நீங்கிய பின்னரும் கூலியைச் சந்தையின் பொறுப்பில் விட இந்திய அரசாங்கம் இசையவில்லை. அதன் வற்புறுத்தலின் பேரில் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1929 முதல் மலைநாட்டில் ஆடவர்க்கு 54 சதமும், பெண்டிர்க்கு 43 சதமும், சிறார்க்கு 32 சதமும் நாட்கூலியாயின. தாழ்நாட்டில் இவை முறையே 50, 40, 30. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1930களின் தொடக்கத்தில் இவ்வீதங்களும் குறைக்கப்பட்டன.

பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு. உழைப்பின் பயனுக்கேற்பக் கூலி அமையும் என்னும் கோட்பாடு இங்கே முற்றாகத் தோற்கின்றது. தோட்டத்தின் வருவாய் கொழுந்து; அதனைப் பறித்தோர் பெரும்பாலும் பெண்கள். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் இவ்வேறுபாட்டைப் போக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் மாறினர், வேறுபாடு மாறவில்லை. 1984இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய வேலைநிறுத்தத்தை அடுத்தே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது நடைமுறைக்கு வந்தது.