ஒரே விதிமீறல், இரு சட்டங்கள்: ஊரகக் குடியிருப்புகளை அகற்றும் அறிவிப்புகளை எதிர்கொள்வது எப்படி?

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் அனுமதியின்றி உருவாகும் குடியிருப்புகள் பெரும்பாலும் இரு வகைப்பட்டவை. விளைநிலத்தைக் கூறுபோட்டு, திட்ட அனுமதி பெறாமல் மனைகளாக விற்று எழுப்பப்படுபவை ஒரு வகை. நிலமற்ற மக்கள் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேய்க்கால், களம், மந்தைவெளிப் புறம்போக்குகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடியிருப்புகள் மற்றொரு வகை. சட்டத்தின் பார்வையில் இரண்டும் அனுமதியற்றவையே. ஆயினும் முதல் வகைக்கு வரன்முறை ஆணை கிடைக்கிறது. இரண்டாம் வகைக்குப் பொக்லைன் வருகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் சேரிக்கு வரும் அறிவிப்பை உரிய முறையில் எதிர்கொள்ள இயலும்.

பட்டா உள்ளவரின் விதிமீறல்

தனியார் நிலத்தில் அனுமதியற்ற கட்டுமானத்துக்குப் பொருந்துவது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 56ஆம் பிரிவு, அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றுமாறு உரிமையாளருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசத்துடன் அறிவிப்பு அளிக்க வேண்டும் என்கிறது. 57ஆம் பிரிவு நடைபெற்றுவரும் பணியை நிறுத்த வழிசெய்கிறது. மேல்முறையீட்டுக்கும் வாய்ப்புண்டு.

இதற்கும் மேலாக, விதிமீறலைப் பணம் செலுத்திச் சரிசெய்துகொள்ளவும் வழி திறக்கப்பட்டது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017இல் வரன்முறைப்படுத்தல் விதிகள் இயற்றப்பட்டன. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவான மனைகளும் மனைப்பிரிவுகளும் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்று அவ்விதிகள் கூறின. இதற்கு விண்ணப்பிக்க நில உரிமை ஆவணம் வேண்டும். புறம்போக்கில் வாழ்பவர் அந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்.

பட்டா இல்லாதவரின் வசிப்பு

புறம்போக்கில் வாழ்பவருக்குப் பொருந்துவது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். காலனிய அரசு தன் நில வருவாயைக் காக்க இயற்றிய இச்சட்டம் குடியிருப்பவரை 'ஆக்கிரமிப்பாளர்' என்றே அழைக்கிறது. 7ஆம் பிரிவு விளக்கம் கோரும் அறிவிப்பையும், 6ஆம் பிரிவு சுருக்கமுறை வெளியேற்றத்தையும், 10ஆம் பிரிவு மேல்முறையீட்டையும் பற்றியவை. ஏரி நிலமாயின் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பயன்படுத்தப்படலாம். ஆனால் அச்சட்டத்தின்படி முதலில் ஏரியை அளந்து எல்லையை வரையறுக்க வேண்டும். அதன் பின்னரே வெளியேற்ற அறிவிப்பு வர முடியும்.

இம்மக்கள் ஏன் புறம்போக்கில் வாழ்கிறார்கள் என்ற கேள்வியை இச்சட்டங்கள் கேட்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைமீதுகூட உரிமை இல்லை என்பதை ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்தார். 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது அதன் பின்னரே. அந்தப் பஞ்சமி நிலங்களும் பிறர் கைக்குப் போயின. நிலம் மறுக்கப்பட்டவர்கள் எவருக்கும் பட்டா இல்லாத நிலத்தில் குடியேறியதைத்தான் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது.

2024 தீர்ப்பும் அதன் விதிவிலக்கும்

கட்டடங்களை இடிப்பது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. பதிவு அஞ்சலில் 15 நாள் முன்னறிவிப்பு, நேரடி விசாரணை, காரணம் கூறும் ஆணை, ஆணைக்குப் பின் மேலும் 15 நாள் அவகாசம், இடிப்பின் காணொலிப் பதிவு, மீறும் அதிகாரியின் தனிப்பட்ட பொறுப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஆனால் சாலை, தெரு, நடைபாதை, இருப்புப்பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கும், நீதிமன்ற ஆணையின்படி நடக்கும் இடிப்புகளுக்கும் இந்நெறிமுறைகள் பொருந்தா. சேரிகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் கணிசமானவை இவ்விதிவிலக்குக்குள் வந்துவிடுகின்றன. எனினும் இதனால் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவிப்பு தேவையற்றதாகிவிடாது. முன்னறிவிப்பும் வாதத்தைக் கேட்பதும் நியாயமான நடைமுறையின் பகுதி என்ற 1985ஆம் ஆண்டு ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பும் நிலைத்தே நிற்கிறது.

எடுத்துரைக்க வேண்டிய வாதங்கள்

1. நிலத்தின் வகைப்பாடு. கிராம நத்தம் அரசுக்கு உரித்தானதன்று என்பதால் அங்கு 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்த இயலாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. ஆகவே நிலம் நத்தமா, புறம்போக்கா என்பதே முதற்கேள்வி.

2. ஜக்பால் சிங் வழக்கு. ஊர்ப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 2011இல் அளித்த இத்தீர்ப்பை அதிகாரிகள் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றனர். அரசு ஆணையின்கீழ் நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகை அளிக்கப்பட்ட நிலையில் வரன்முறை செய்யலாம் என்ற விதிவிலக்கும் அதே தீர்ப்பில் உள்ளது. அப்பகுதியை அவர்கள் காட்டுவதில்லை. நாம் காட்ட வேண்டும்.

3. ஆட்சேபகரமற்ற புறம்போக்கு. நீர்நிலை, சாலை போன்றவை அல்லாத புறம்போக்கில் நெடுங்காலம் வசிப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்க அரசு அவ்வப்போது ஆணைகள் பிறப்பித்துள்ளது. பட்டா கோரும் மனு நிலுவையில் இருப்பதை விளக்கத்தில் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

4. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியினரை அவர்தம் நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ தவறான முறையில் வெளியேற்றுவது 3(1)(ஜி) பிரிவின்கீழ் குற்றம். ஆதிக்கச் சாதியினர் தாமே குடிசைகளைப் பிரித்தெறியும் நேர்வுகளில் இப்பிரிவு வலுவானது.

அறிவிப்பு வந்தவுடன்

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் புல எண் என்று முதலில் பார்க்க வேண்டும். வாய்மொழி உத்தரவை ஏற்க வேண்டாம்; எழுத்தில் கேட்கலாம். குறித்த நாளுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விளக்கம் அளித்து ஒப்புகை பெற வேண்டும். பி மெமோ, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். பி மெமோ உரிமையைத் தராது. ஆனால் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறோம் என்பதற்கு அரசே தந்த சான்று அது. புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் பெற்று, அளவீடு நடந்ததா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டும். ஆணை பிறந்துவிட்டால் தாமதமின்றி மேல்முறையீடும் இடைக்காலத் தடை மனுவும் தாக்கல் செய்ய வேண்டும்.

நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஏரி வறண்டால் முதலில் வேலை இழப்பது விவசாயக் கூலிகளே. அவ்வாறு காக்கும்போது மாற்று மனை முன்கூட்டியே, அதே ஊர் எல்லைக்குள் வழங்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விற்பனைக்காக விளைநிலத்தை மனையாக்கியவருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை தர முடிந்த அரசுக்கு, குடியிருக்க மட்டுமே நிலம் கேட்பவருக்கு மூன்று சென்ட் தர முடியாது என்று கூற நியாயம் இல்லை.