சம்பளம் தந்து படிப்பித்த பள்ளிக்கூடம்

கொம்பனித்தெருவில் எங்கட ஒழுங்கைத் தங்கச்சி ஒருத்தி ஏ.எல். முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "அக்கா, நேர்சிங் படிக்க எவ்வளவு காசு வேணும்?"

அந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1860இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கியது. படிக்க வந்த பெண்களிடம் அவர்கள் காசு கேட்கவில்லை. சாப்பாடு, தங்குமிடம், வருடத்துக்கு 10 பவுண் கைச்செலவு என்று கொடுத்தார்கள். பதிலுக்கு, படித்து முடித்தபின் ஆஸ்பத்திரியில் உழைக்க வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பெண்ணும் வரலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

இங்கே? மருதானைப் பக்கம் பெரியாஸ்பத்திரி 1864இல் வந்தது. 1886இலிருந்து அங்கே நோயாளிகளைப் பார்த்தவர்களில் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் முக்கியமானவர்கள். 1964இல் அரசாங்கம் அவர்களை நிறுத்தும்வரை இது நீடித்தது. வடக்கில் 1898இல் இணுவிலில் தொடங்கிய மக்லியோட் மிஷன் ஆஸ்பத்திரியிலும் தமிழ்ப் பெண்கள் தாதிகளாகப் பயிற்சி பெற்றார்கள். துறவிகளின் சேவையாக இருந்தது மெல்ல மெல்ல சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் உத்தியோகமானது.

நைட்டிங்கேலின் அந்தக் கணக்கு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் இலவசம்தான்.

அப்போ எங்க இடிக்குது? வர்த்தமானி அறிவித்தலில். அது கேட்பது ஏ.எல். விஞ்ஞானப் பிரிவுப் பெறுபேறு. கொழும்பில் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் அந்தப் பிரிவு இல்லை. ஆக, படிப்பு இலவசம், ஆனால் வாசல் 16 வயதிலேயே, ஓ.எல். முடிந்த கையோடு, பலருக்கு மூடிவிடுகிறது. டியூஷன் காசு இல்லாத வீட்டில் இன்னும் வேகமாக மூடும்.

எங்கட தங்கச்சி படித்தது வர்த்தகம். அவளுக்கு மிச்சமிருப்பது தனியார் கோர்ஸ்தான். அதனால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

காசு கட்ட முதல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சான்றிதழோடு இலங்கைத் தாதியர் சபையில் பதியலாமா? வார்ட்டில் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம்? சீருடை, பரீட்சை, விடுதி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பராமரிப்பாளர் கோர்ஸ் வேறு, தாதிப் பயிற்சி வேறு. பதில் வாயால் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

ஓ.எல். எழுதப்போகும் தம்பி, தங்கச்சி வீட்டில் இருந்தால் இன்றைக்கே அவர்களிடம் கதையுங்கள். எங்கட தெருவுக்கு ஏ.எல். முடிந்த பிறகுதான் இந்தக் கதை வந்து சேருகிறது. அது இரண்டு வருடம் பிந்தி.