சிங்கனின் மாயப்பொடி

குற்றாலக் குறவஞ்சி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வசந்தவல்லி பந்தடிப்பதும், குறத்தி சிங்கி மலைவளம் பாடுவதும்தான். அவள் புருஷன் சிங்கன் பாதிக்கு மேல்தான் வருகிறான். பறவை பிடிக்க வந்தவன், வந்த வேலையை விட்டுவிட்டு, காணாமல் போன பெண்டாட்டியைத் தேடி அலைகிறான். கூட வந்த நூவனிடம், சிங்கியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் என்னென்ன தருவேன் என்று ஒரு பட்டியல் போடுகிறான் பாருங்கள்... மருந்துப் பொடி, மரப்பாவையும் பின்னாலேயே நடந்து வரும் மாயப்பொடி! மரப்பாவையை நடக்க வைப்பவனால் சொந்த மனைவி எந்த ஊரில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழில் இப்படி ஒரு மந்திரவாதி வேறு எங்கேயாவது இருக்கிறானா தெரியாது!

இதை எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரம்தான் அவர் ஊர். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர்.

சிங்கி கடைசியில் கிடைத்துவிடுகிறாள், உடம்பெல்லாம் நகையோடு. அவள் காலில் கிடக்கும் சிலம்பு சிங்கனுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது, கெச்சம் செத்த தவளையாகத் தெரிகிறது. இந்தக் கேள்வி பதில்தான் நூலிலேயே பிரபலமான இடம். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாமல் சிங்கியின் பதில்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியதாம். ஊர் ஊராகச் சுற்றுவது அவளுக்குப் பெருமை. அரண்மனையும் கோவிலும் அவளிடம் கை நீட்டி ரேகை காட்டும்.

இருநூறு வருஷத்துக்குள் எல்லாம் தலைகீழானது. குறவர்களில் பல பிரிவினர் மாடு, கழுதைகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்தவர்கள். ரயில் வந்தது, உப்புச் சட்டங்கள் வந்தன, அந்த வியாபாரம் படுத்தது. (தென்காசி வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1904இல்.) பிழைப்பு போனவர்களைப் பற்றி போலீஸ் அதிகாரிகள் புத்தகம் எழுதினார்கள். 1892இல் முல்லாலி என்ற அதிகாரி வெளியிட்ட, சென்னை மாகாணக் 'குற்ற வகுப்புகள்' பற்றிய நூலில் குறவர்களும் உண்டு. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் கீழ் அறிவிக்கப்பட்ட குறவர்கள் பெயரைப் பதிய வேண்டும், இடம் மாறினால் தகவல் சொல்ல வேண்டும், அதிகாரி கேட்டால் விரல் ரேகை கொடுக்க வேண்டும். ஊராரின் கைரேகை பார்த்த சிங்கியின் இனத்தாரிடமே சர்க்கார் ரேகை எடுத்தது! சேலம் போய் வந்தேன் என்று ஒரு சிங்கி அன்றைக்குச் சொல்லியிருந்தால், அனுமதிச் சீட்டு எங்கே என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைத்தான் பலர் சிங்கன் சிங்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, வடநாட்டு மொழிகளோடு உறவுள்ள பேச்சு. 2023இல் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்களில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கவிராயரின் குறத்தியோ திரிகூடத்தைச் சொந்த மலையாகப் பாடுகிற தமிழ்க் குறத்தி.

1944இல் ருக்மிணி தேவி சென்னை கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். மேடையில் சிங்கி கூடையும் கோலுமாக வந்து எந்தெந்த நாடெல்லாம் சுற்றினேன் என்று அபிநயம் பிடித்தாள். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1947இல்.