பருவமடைதல் பாடம் எங்கே தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றொரு பாடம் இருக்கிறது. வேண்டிய பாடம்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏறத்தாழ 13 வயது. வகுப்பிலுள்ள மாணவிகளில் கணிசமானோர் அதற்குள் பூப்படைந்திருப்பார்கள். ஆகாதவர்களில் பலருக்கும் உடல் மாற்றம் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஓடியிருக்கும். உடல்நலக் கல்வி இப்படிப் பிந்தி வருவதற்குக் கூச்சத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பருவமடைதல் முதல் மாதவிடாயில்தான் தொடங்குகிறது என்று வீடும் பள்ளியும் ஒருசேர நம்புவதே இந்தத் தாமதத்தின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் மாதவிடாய் அந்த வளர்ச்சியின் பிற்பகுதியில் வரும் நிகழ்ச்சி. தொடக்கம் மூளையில் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய அடங்கிக் கிடந்த ஹைப்போதலாமஸின் ஹார்மோன் சமிக்ஞை மீண்டும் துடிப்புத் துடிப்பாக எழத் தொடங்குகிறது. முதலில் இரவுத் தூக்கத்தில்தான் அது வலுப்படும். அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி பெண்ணின் அண்டகத்தையும் ஆணின் விந்தகத்தையும் தூண்டுகிறது. வெளியே தெரியும் முதல் அடையாளம் பெரும்பாலான பெண்களிடம் மார்பக வளர்ச்சி. ஆண்களிடம் விந்தகம் பெரிதாவது. இந்த இரண்டாவது அடையாளம் பிறர் கண்ணில் படாது. அதனால் மகன் வளர்ந்துவிட்டதை வீடு மீசை அரும்பும்போதுதான் கவனிக்கிறது.

இந்த மாற்றங்களின் வரிசையை முறையாகப் பதிவு செய்த ஆய்வுகளில் முதன்மையானது இங்கிலாந்தின் ஹார்ப்பெண்டனில் நடந்தது. அங்கிருந்த குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த மார்ஷலும் டேனரும், 1969இல் 192 பெண்களைப் பற்றியும் 1970இல் 228 ஆண்களைப் பற்றியும் கட்டுரை வெளியிட்டனர். இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘டேனர் நிலைகள்’ ஐந்தும் இந்த ஆய்வுகளால்தான் நிலைபெற்றன. அங்கே மார்பக வளர்ச்சி தொடங்கிச் சராசரியாக 2.3 ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிடாய் வந்தது. ஆனால் ஒரு பெண்ணுக்கு அந்த இடைவெளி ஆறே மாதம். இன்னொருத்திக்கு ஐந்தே முக்கால் ஆண்டு. வரிசை பெரும்பாலும் ஒன்றுபோல் இருந்தது. வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. ஓர் இல்லத்து ஆங்கிலேயப் பிள்ளைகளின் வயதுக் கணக்கை மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அப்படியே பொருத்த முடியாது. வகுப்பறைக்குத் தேவையானது அந்த வரிசையும், வேகம் வேறுபடும் என்ற தெளிவும்தான்.

கோபன்ஹேகனில் நடந்த ஆய்வு இந்த வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. 1991 வாக்கில் அங்கே மார்பக வளர்ச்சி தொடங்கிய சராசரி வயது 10.88, 2006 வாக்கில் அது 9.86. ஏறத்தாழ ஓராண்டு முன்னே வந்துவிட்டது. அதே காலத்தில் முதல் மாதவிடாயின் வயது 13.42இலிருந்து 13.13க்கு மட்டுமே இறங்கியது. மாதவிடாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் மாறியதாகவே தெரிந்திருக்காது.

நம் வீடுகளின் வழக்கத்தையும் இந்த வரிசையோடு வைத்துப் பார்க்கவேண்டும். பெண் பூப்படைந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஊட்டி வளர்ப்பதில் அக்கறை இருக்கிறது. மாதந்தோறும் இரத்தம் போகத் தொடங்கும் உடலுக்குச் சத்துணவு அவசியம்தான். ஆனால் பெண்ணின் உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம், பொதுவாக முதல் மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. முதல் மாதவிடாய்க்குப் பின் வளர்வது பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். பத்து வயதுப் பெண்ணின் தட்டில் இல்லாத முட்டை, சடங்குக்குப் பிறகு வருகிறது. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகூட ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

பிந்திய பாடம் அச்சத்துக்கும் இடம் விடுகிறது. முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பே நிறமற்றோ வெண்மையாகவோ திரவம் கசியத் தொடங்கும். அரிப்போ துர்நாற்றமோ இல்லாதவரை அது ஈஸ்ட்ரோஜன் வேலைசெய்வதன் அடையாளம். இதை அறியாத சிறுமி வெள்ளைப்படுதல் நோய் என்று ஒளிக்கிறாள். சூடு என்று அவளுக்கு மோர் கொடுக்கப்படுகிறது. ஒரு பக்க மார்பு முதலில் வளர்ந்தால் கட்டியோ என்று கலங்குகிறாள். பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி 21 நாளிலிருந்து 45 நாள் வரை மாறுவது இயல்பு. கருமுட்டை மாதந்தவறாமல் வெளிப்படும் ஒழுங்குக்கு உடல் இன்னும் வந்திருக்காது. இவற்றுள் எதுவும் கடினமான அறிவியல் அல்ல. உரிய நேரத்தில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

பையன்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சடங்கு இல்லை, அத்தை இல்லை, தனியாக உட்காரவைத்துப் பேசும் ஆசிரியரும் பெரும்பாலும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இந்த வயதின் இயல்பு. பல பையன்களுக்கு மார்பு சற்றுப் புடைத்து வலிக்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே அடங்கும். பள்ளி வாய்திறக்காத இடத்தில் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் பேசுகிறது. விந்து போனால் உயிர்ச்சத்து போகும் என்ற பயத்திலிருந்து எழும் மனநலச் சிக்கலை 1960இலேயே இந்திய உளநோய் மருத்துவர் என்.என். விக் பெயரிட்டு விவரித்தார். அந்தப் பயம் இன்றும் பணமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசினால் தடுத்திருக்கக்கூடிய துன்பம் இது.

ஆகவே பாடம் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இறங்கவேண்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் இரு உடல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடங்க எளிய வழி, உயரம் அளப்பது. பிரான்சில் மோன்பேயார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1777 வரை அளந்து வைத்தார். பதின்ம வயதில் வளர்ச்சி திடீரென எகிறுவது அந்தக் குறிப்புகளைக் கோடாக வரைந்தபோது பளிச்சென்று தெரிந்தது. பள்ளியில் சுவரும் அளவுநாடாவும் போதும். தன் கோட்டைத் தானே தன் நோட்டில் வரையும் பிள்ளைக்கு, பக்கத்துப் பெஞ்சுக்காரி தன்னைவிட ஏன் உயரம் என்பதை விளக்குவது எளிது. நோட்டு அவரவரிடமே இருக்கட்டும். அடுத்தவர் அளவோடு ஒப்பிட்டு வகுப்பில் வாசிக்கக்கூடாது.

ஆசிரியருக்குச் சில எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ ஆணுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றங்கள் தொடங்கினாலும், பெண்ணுக்கு 13 வயதிலும் ஆணுக்கு 14 வயதிலும் எந்த அடையாளமும் தென்படாவிட்டாலும், பெற்றோரைத் தனியே அழைத்துக் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். முன்கூட்டியே தொடங்கும் பருவமடைதலில் எலும்பின் வளர்முனைகள் விரைவில் மூடி, பிள்ளையின் இறுதி உயரம் குறைந்துபோகலாம். தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிப்போடும் ஊசிமருந்து இருக்கிறது, காலத்தில் கொண்டுபோனால்.