முன்குறித்தல்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு



வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்துவிட்டால், "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம் வழக்கம். ஆங்கிலத்திலும் விதியைக் குறிக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றுள் 'பிரிடெஸ்டினேஷன்' என்ற சொல்லுக்காக மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள், நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள், உயிருக்குயிரான நண்பர்கள் பிரிந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் அதன் வேரைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'டெஸ்டினாரே' என்றால் ஒன்றை அசையாமல் நிறுத்துதல், உறுதி செய்தல் என்று பொருள். அதற்கு முன்னே 'முன்பு' எனப் பொருள்படும் 'பிரே' சேர்ந்தது. பஸ்ஸின் நெற்றியில் அது போய்ச் சேரும் ஊரின் பெயர் எழுதியிருக்கிறதல்லவா? அந்தச் சேருமிடத்துக்கு ஆங்கிலத்தில் 'டெஸ்டினேஷன்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்தாம்.

இச்சொல்லுக்கு மூலம், முதல் நூற்றாண்டில் பவுல் கிரேக்க மொழியில் எழுதிய கடிதங்கள். அவர் கையாண்ட சொல்லுக்கு 'முன்னதாகவே எல்லை குறித்தல்' என்பது நேர்ப்பொருள். லத்தீனில் பெயர்த்தவர்கள் மேற்சொன்ன சொல்லை இட்டார்கள். அது 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. தமிழ் வேதாகமத்தில் ரோமர் நிருபத்தைப் படித்தவர்களுக்கு 'முன்குறித்திருக்கிறார்' என்ற சொல் நினைவிருக்கும். எல்லைக்கல் நடும் பொருளுக்கு அது மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு என்பது என் எண்ணம்.

அப்படியானால் இது நம்முடைய 'ஊழ்' தானே என்று கேட்பீர்கள். அன்று. ஊழ் என்பது நாம் செய்த வினையின் பயன்; விதைத்தவன் அறுக்கிறான். பிரிடெஸ்டினேஷனிலோ விதைப்பே இல்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே, ஒருவன் நல்லது கெட்டது எதுவும் செய்வதற்கு முன்பே, இன்னார் மீட்படைவார் என்று இறைவன் தீர்மானித்துவிட்டான் என்பதே அந்தக் கொள்கை. பெரட்டில் பெயர் கொடுக்குமுன்பே, பால்வாளியைத் தூக்குமுன்பே, அன்றைய சம்பளம் புத்தகத்தில் ஏறிவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை விரிவாக எடுத்துரைத்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரப் பேராயராக இருந்த அகஸ்டின் (354-430). மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ முடியும் என்றார் பிரிட்டனிலிருந்து வந்த பெலேஜியஸ். இறையருள் இன்றி இயலாது என்றார் அகஸ்டின். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய திருச்சபை மன்றம் பெலேஜியஸின் கொள்கையைத் தள்ளியது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மானியச் சாக்சனி நாட்டில் காட்ஷால்க் என்று ஒரு பிரபுவின் மகன். பெற்றோர் அவனைச் சிறு பிள்ளையாகவே ஃபுல்டா மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்ததும், "நான் விரும்பி ஏற்காத துறவு எனக்கு வேண்டாம்" என்று வழக்காடினார். 829இல் மைன்ஸ் நகர மன்றம் அவரை விடுவித்தது. மடத்தலைவர் ஹ்ரபானஸ் விடவில்லை; பேரரசர் வரை சென்று முறையிட்டார். காட்ஷால்க் வேறு மடத்துக்கு மாற முடிந்ததேயன்றித் துறவிலிருந்து மீள முடியவில்லை. தன் வாழ்வைப் பிறர் முன்கூட்டியே குறித்துவிட்டதை எதிர்த்துப் போராடிய இதே மனிதர்தான், அகஸ்டின் நூல்களில் மூழ்கி, மீட்படைவோர் மட்டுமல்ல, அழிவோரும் முன்குறிக்கப்பட்டவர்களே என்று போதித்தார். 848இல் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தபோது பேராயராக வீற்றிருந்தவர் அதே ஹ்ரபானஸ். மறு ஆண்டு கியர்சி என்னுமிடத்தில் அவரைக் கசையால் அடித்து, அவர் எழுதியவற்றை அவர் கையாலேயே தீயிலிட வைத்தார்கள். பிறகு சுமார் இருபது ஆண்டு மடச்சிறை, அங்கேயே மாண்டார். பேராயர்களின் அச்சம் வெறும் பொறாமையன்று: "எல்லாம் முடிவாகிவிட்டதென்றால் நான் ஏன் நல்லவனாக உழைக்க வேண்டும்?" என்று மக்கள் கேட்டுவிடுவார்களே என்பதுதான்.

காலம் மாறிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் ஜான் கால்வின் இக்கொள்கையை உறுதியாக நிலைநாட்டினார். அங்கே போல்செக் என்ற மருத்துவர் 1551இல் அதைப் பலரறிய மறுத்தார். சிறையிலிட்டு நாடு கடத்தினார்கள். 849இல் சொன்னவருக்குத் தண்டனை. 1551இல் மறுத்தவருக்குத் தண்டனை!

விதியை நம்பியவர்கள் சோம்பிக் கிடந்தார்களா என்றால் இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தாம் என்பதற்கு அடையாளம் தேடி, அவர்கள் இரவு பகலாக உழைத்தார்கள் என்று மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1904-05இல் எழுதினார். அதை ஏற்காத அறிஞர்களும் பலர்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்பீல்டும் ஆக்ஸ்போர்டு நாள்முதல் நண்பர்கள். பிரிஸ்டல் அருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே, கோவிலுக்குள் அல்ல, திறந்தவெளியில் நின்று பேசியவர்கள். 1739இல் வெஸ்லி, இறையருள் எல்லாருக்கும் உரியது, சிலருக்கென்று முன்கூட்டி ஒதுக்கப்பட்டதன்று என்று முழங்கினார். விட்பீல்டு மறுத்து எழுதினார். இருவரைப் பின்பற்றியோரும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆயினும் 1770இல் விட்பீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுரை ஆற்றியவர் வெஸ்லிதான்.

இந்தக் கதை நம் மலாயாவையும் தொட்டிருக்கிறது. வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டு சபையார் 1885இல் சிங்கப்பூருக்கு வந்து பள்ளிகள் திறந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களை நடத்திய துரைமாரில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்நாட்டுச் சபை 1647இல் ஏற்ற விசுவாச அறிக்கை முன்குறித்தலைத் திட்டவட்டமாகச் சொல்லியது. ஆனால் அந்தத் துரைமார் கப்பலேறுமுன்பே அங்கும் பிடி தளர்ந்துவிட்டது. 1879இல் அந்நாட்டுச் சபைகளுள் ஒன்று, இக்கொள்கையை மனிதர் அனைவர்மீதும் இறைவன் வைத்துள்ள அன்போடு இணைத்தே பொருள்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் அறிவித்தது. 1892இல் மற்றொரு சபையும் அவ்வாறே அறிவித்தது.