பதிப்புரிமைச் சட்டமும் நூலகங்களின் மின்னுருவாக்கமும்

நூலகம் ஒரு நூலை மின்வருடும்போது சட்டத்தின் பார்வையில் அந்நூலுக்குப் புதிய படி ஒன்று உருவாகிறது. படியெடுக்கும் உரிமை ஆசிரியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ பதிப்பாளருக்கோ உரியது. எனவே அழியும் நூலைக் காக்கும் பணியும் பதிப்புரிமைக்கு உட்பட்டதாகிறது. மரக்கூழ்த் தாளில் அச்சான பழைய தமிழ் நூல்கள் தாளிலுள்ள அமிலத்தால் மஞ்சளித்து நொறுங்கி வருகின்றன. பல நூல்களின் ஆயுள் அவற்றின் மீதான உரிமைக் காலத்தைவிடக் குறைவு. இந்தியச் சட்டம் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1957ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், 1957 ஆசிரியரின் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் வரை உரிமையை நீட்டித்தது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலாயின், பொது நூலகம் தன் பயன்பாட்டிற்காக மூன்று படிகளுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ள அது இடம் தந்தது. இவ்விதி காகிதப் படியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கணினியில் ஒரு கோப்பைச் சேமித்துக் காப்புப்படி எடுத்தாலே மூன்று என்னும் கணக்கு குழம்பிவிடும்.

1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுடைமையாக வேண்டியிருந்தன. அந்நிலையில் காலவரம்பு 60 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 1992ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதை உறுதிசெய்தது. ஒருவரின் படைப்புகளை முன்னிட்டு எழுந்த இம்மாற்றம், அப்போது உரிமைக் காலம் முடியாதிருந்த எல்லா இந்திய மொழி நூல்களையும் மேலும் பத்தாண்டுகள் கட்டிவைத்தது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்

மின்படிக்குத் தெளிவான அனுமதி 2012இல்தான் வந்தது. வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி போன்ற மின்னுருவில் இல்லாத படி ஒன்று இருந்தால், அதைப் பாதுகாப்பிற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்று பிரிவு 52 திருத்தப்பட்டது. ஆனால் இவ்விதி சேமிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அப்படியை இணையத்தில் அனைவருக்கும் வழங்கும் உரிமையை அது தரவில்லை. நூல் காக்கப்படும், ஆனால் தொலைவில் உள்ள மாணவர் அதைப் படிக்க இயலாது.

உரிமையாளர் அறியப்படாத நூல்கள்

உரிமைக் காலத்தைக் கணக்கிட ஆசிரியர் மறைந்த ஆண்டு தெரிய வேண்டும். 1965இல் மறைந்தவரின் நூல்கள் 2025 முடிவில் விடுபடும். சிறு பதிப்பகங்கள் வெளியிட்ட நாவல்கள், நாடக நூல்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்கள் பலரைப் பற்றி இந்த ஒரு செய்திகூடக் கிடைப்பதில்லை. இத்தகைய நூல்களுக்கு உரிமம் பெறப் பிரிவு 31அ வழிவகுக்கிறது. எனினும் அதற்கு நாட்டின் பெரும்பகுதியில் பரவியுள்ள ஆங்கில நாளேட்டில் அறிவிப்பு வெளியிட்ட பின்பே விண்ணப்பிக்க வேண்டும். நூல்தோறும் இச்செலவை ஏற்பது சிறு நூலகத்தால் ஆகாத காரியம்.

நாட்டுடைமை என்னும் வழி

இத்தடையைக் கடக்கத் தமிழ்நாட்டில் வேறொரு வழி உருவானது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புரிமையை வாங்க முன்வந்தது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. அன்றைய சட்டப்படி அவ்வுரிமை 1971 வரை நீடித்திருக்கும். அதன்பின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை நாட்டுடைமையாக்குவது அரசின் வழக்கமாயிற்று. புதுமைப்பித்தன், கல்கி ஆகியோரின் படைப்புகள் உரிமைக் காலம் முடியும் முன்பே இவ்வாறு விடுபட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகமும் நாட்டுடைமை நூல்களை இணையத்தில் தடையின்றி வழங்க இதுவே வழிசெய்தது.

ஆயினும் நாட்டுடைமை புகழ்பெற்ற ஆசிரியர்களையே பெரும்பாலும் சென்றடைகிறது. அதற்கு இசைவு தர வாரிசுகள் இருக்க வேண்டும். பெயர் மறந்துபோன ஆசிரியர்களின் நூல்களை 2012ஆம் ஆண்டு விதி நூலகங்களின் கணினிகளில் காக்க உதவுகிறது. அவற்றை வாசகரிடம் சேர்க்கும் எளிய விதி இன்னும் இயற்றப்படவில்லை.